டேப் அக்காவின் பதினான்கு இஞ்ச்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தத் தையல் கூடத்தில் டேப் அக்கா என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். இருபத்திரண்டு வருடமாக மஞ்சள் இஞ்ச் டேப் அவள் கழுத்தை விட்டு இறங்கியதில்லை. பேருந்தில் இருக்கும், பல் டாக்டர் நாற்காலியில் இருக்கும். தொலைந்த பர்ஸுக்குப் புகார் கொடுக்கப் போன இடத்திலும் இருந்தது. எதிரே உட்கார்ந்து எழுதிய போலீஸ்காரரைப் பார்த்து, "சார், உங்க காலர் அரை இஞ்ச் டைட்டு. அதான் இப்படிக் கோவம் வருது" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள். பர்ஸ் கிடைக்கவில்லை. அவர் மட்டும் மறு வாரம் ரெண்டு சட்டையைத் தூக்கிக்கொண்டு தையல் கூடத்து வாசலில் வந்து நின்றார்.

"ஏன்க்கா, வீட்டுக்குப் போகும்போதாவது அதைக் கழட்டி வைக்கக் கூடாதா?" என்று துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்காரும் தோழி கேட்பாள்.

"எங்கடி வைக்கிறது? வைக்க எனக்குன்னு ஒரு இடம் வேணாமா?" என்பாள் அக்கா. எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

அவள் வேலை சட்டை தைப்பது அல்ல. சட்டைக்கு அளவு போடுவது. ஒரு பள்ளிக்கூடச் சட்டை என்றால் காலர், கை, பாக்கெட் என்று பதினோரு துண்டு. அத்தனையையும் பிரவுன் பேப்பரில் வரைந்து, வெட்டி, பிறகு ஆறு வயதுப் பிள்ளையிலிருந்து பதினாறு வயதுப் பிள்ளை வரை எட்டு சைஸுக்குப் பிரிக்க வேண்டும். ஒரு சைஸில் கால் இஞ்ச் பிசகினால் முந்நூறு பிள்ளைகள் கையைத் தூக்க முடியாமல் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை என்பதில் அக்காவுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்றா சொன்னேன்? நிறையவே உண்டு.

இந்த வேலையைக் கம்ப்யூட்டரில் செய்யலாம் என்று மூன்று மாத வகுப்புக்கு அவளை அனுப்பினார் முதலாளியம்மா. ஐம்பத்தோரு வயதில் நோட்டும் பேனாவுமாகப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள் அக்கா. முதல் வாரம் சாக்பீஸைப் பிடிப்பது போல் மவுஸைப் பிடித்துக்கொண்டு திண்டாடினாள். இரண்டாம் வாரம் அது நடந்தது. சுவரை அடைத்தாற்போல நின்ற பெரிய திரையில் பதினோரு துண்டுகளும் ஒன்றாகப் படுத்திருந்தன. ஆசிரியை ஒரு பட்டனைத் தட்டினார். காலர் வளர்ந்தது, கை வளர்ந்தது, முதுகு அகன்றது. ஆறு வயதுச் சட்டை பதினாறு வயதுச் சட்டையாக அவள் கண்முன்னேயே வளர்ந்துவிட்டது. அக்கா வகுப்பென்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் ஆயுளில் முழுச் சட்டையையும் ஒரே பார்வையில் பார்த்தது அன்றுதான். பேப்பரில் ஒரு நேரத்தில் ஒரு துண்டுதான். மற்றதெல்லாம் மனசுக்குள்தான் இருக்கும்.

வகுப்பு முடிந்த வாரம் முதலாளியம்மா கூப்பிட்டார். "லேப்டாப் வாங்கித் தரேன். வாரத்துல நாலு நாள் வீட்ல இருந்தே பேட்டர்ன் போடு. ஒரு நாள் இங்க எடுத்துட்டு வந்து காட்டினா போதும். கடையில பேசியாச்சு, விலையைப் பத்தி நீ யோசிக்காதே. பதினாலு இஞ்சும் இருக்கு, பதினாறு இஞ்சும் இருக்கு. எது வேணுமோ நீயே போய் எடுத்துக்கோ."

அக்காவுக்குக் கால் தரையில் படவில்லை. பதினாறு! இதில் கேட்க என்ன இருக்கிறது? பெரிய திரை, முழுச் சட்டை. அன்று சாயங்காலம் பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி ரெண்டு ஸ்டாப் போய், பிறகு சிரித்துக்கொண்டே திரும்பி நடந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும்தான் மேசை கண்ணில் பட்டது.

அந்த வீட்டில் மேசை என்று இருப்பது ஒன்றே ஒன்று. அதில் மீன் தொட்டி இருந்தது. தொட்டியில் ஒரே ஒரு ஆரஞ்சு மீன். துரை என்று பெயர். அதை வளர்ப்பவர் அவள் கணவர். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த டிரைவிங் மாஸ்டர். பகலெல்லாம் "பிரேக்! பிரேக்!" என்று கத்திவிட்டு வருகிற மனிதர், சாயங்காலம் துரையிடம்தான் மெதுவாகப் பேசுவார். தொட்டிக்கும் அதன் மோட்டாருக்கும் போக மேசையில் மிச்சம் இருந்த இடத்தை அக்கா டேப் வைத்து அளந்தாள். பதினான்கரை இஞ்ச்.

சும்மா விடுவாளா? பிரவுன் பேப்பரை எடுத்தாள். பதினான்கு இஞ்சுக்கு ஒன்று, பதினாறு இஞ்சுக்கு ஒன்று என்று ரெண்டு பேப்பர் லேப்டாப் வெட்டினாள். இன்னொரு பக்கம் எவ்வளவு இருக்கும் என்று தெரியாததால் கண்ணளவாகப் பத்து இஞ்ச் வைத்தாள். பதினாறு இஞ்ச் பேப்பர் சுவரில் முட்டி மடங்கியது. பதினான்கு கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு பார்வையிட்டார். "பதினாறு போகாது. பதினாலே நெருக்கடிதான். வண்டி நின்னுட்டா மட்டும் அது பார்க்கிங் இல்ல, கதவு திறக்கவும் இடம் வேணும்."

"தொட்டிய அந்த டிவி ஸ்டாண்டுக்கு மாத்தினா என்னங்க? டிவிதான் சுவருக்குப் போயிடுச்சே, அது சும்மாதான நிக்குது?"

"டிவி சத்தம் துரைக்கு ஆகாது."

"மீனுக்குக் காது இருக்கா என்ன?"

"உனக்குத் தெரியுமா, இல்லன்னு?"

மூன்று நாள் அக்கா ரெண்டு பேப்பரையும் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினாள். கட்டிலில் போட்டுப் பார்த்தாள். குனிந்து குனிந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. மடியில் வைத்துப் பார்த்தாள். குளிர்சாதனப் பெட்டியின் தலையில் வைத்து நின்றுகொண்டே காற்றில் டைப் அடித்தாள். மாஸ்டர் தண்ணீர் எடுக்க வந்து, "ஹாரன் அடிச்சா வழி விடுவியா?" என்றார். கடைசியில் அக்கா தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பதினான்கு இஞ்ச் பேப்பரும் அப்படியொன்றும் சின்னது இல்லை. சட்டையைக் கொஞ்சம் நெருக்கிப் பிடித்தால் அடங்கிவிடும். இத்தனை வருடம் எதை நெருக்கிப் பிடிக்கவில்லை?

"பதினாலு எடுத்துக்கறேன்" என்று தையல் கூடத்தில் அறிவித்ததும் அங்கே ஒரு கூத்து ஆரம்பமாயிற்று. லேப்டாப்புக்குக் கடைப் பையா? நம்ம அக்காவுக்கா? சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு வேலையாக எடுத்துக்கொண்டார்கள். நீலச் சட்டைத் துணியில் மிச்சம் விழுந்த நல்ல துண்டுகளை அக்கா வெட்டினாள். கோட்டுக்குத் தோளில் வைக்கும் பஞ்சைப் பிரித்து உள்ளே வைத்து ஓவர்லாக் தோழி மூட்டினாள். பட்டன் துளை போடுகிற காஜா மாஸ்டர், கேட்காமலேயே ஒரு மூடி வைத்து அதில் நாலு பட்டன் துளை போட்டுக் கொடுத்தார். வெளியே ஒரு பாக்கெட், அதற்குள்ளே ஒரு பாக்கெட், அதற்கும் உள்ளே இன்னொன்று. பதினான்கு இஞ்ச் நீளம், பத்து இஞ்ச் அகலம், உள்ளே நுழைய நூலளவு தளர்ச்சி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அக்கா மெஷின்களுக்கு நடுவே நடந்து காட்டினாள். ஒரே கைதட்டல். நாளைக்கு லேப்டாப்போடு வந்து காட்ட வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள்.

கடைக்கு மாஸ்டரும் கூட வந்தார். விற்பனைப் பெண் பதினான்கு இஞ்ச் லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்தாள். அக்கா பெருமையாகப் பையைத் திறந்து அதை உள்ளே விட்டாள். தொப்பென்று ஒரு மூலையில் போய்ச் சாய்ந்துகொண்டது. தூக்கினால் இங்கே உருண்டது, திருப்பினால் அங்கே உருண்டது. அப்பா சட்டையைப் போட்டுக்கொண்ட குழந்தை கணக்காக இருந்தது.

அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் கால் இஞ்ச் பிசகாத கை! நாளைக்கு எந்த முகத்தோடு அந்தப் பையை எல்லோர் முன்னாலும் திறப்பது?

"இது பதினாலு இல்லம்மா. மாத்திக் குடுத்துட்டே."

"பதினாலுதான் மேடம்."

கழுத்திலிருந்த டேப் சரசரவென்று நீண்டது. "இங்க பாரு. பன்னெண்டே கால். திரைய மட்டும் அளந்தா பன்னெண்டு கூட இல்ல. எனக்கு ரெண்டு இஞ்ச் குறையுது!"

விற்பனைப் பெண் டேப்பின் நுனியை மரியாதையாக வாங்கினாள். திரையின் கீழ் மூலையில் வைத்து எதிர்ப்பக்க மேல் மூலைக்கு இழுத்துக் காட்டினாள். பதினான்கு. "ஸ்க்ரீனை மூலைக்கு மூலைதான் அளப்பாங்க மேடம்."

அக்கா வாயைப் பிளந்தாள். "மூலைக்கு மூலையா? யாரும்மா இப்படி அளக்கச் சொன்னது? நான் சட்டைய இப்படி அளந்தா போட்டவன் கோணலாத்தான் நடப்பான்!"

பக்கத்தில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விற்பனைப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பதினாறு இஞ்சையும் பாக்கறீங்களா?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அக்கா அதன் நீளத்தை அளந்துவிட்டாள். பதினான்கு. அகலம் பத்துக்குக் கொஞ்சம் குறைவு. பைக்குள் விட்டாள். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. மூடியைப் போட்டு நாலு பட்டனையும் மாட்டினாள். அளவெடுத்துத் தைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

மாஸ்டர் அவசரமாக இடையில் புகுந்தார். "இந்தா, பைதான பிரச்சனை? சின்னதை எடுத்துட்டு, பையப் பிடிச்சுத் தச்சாப் போச்சு. உனக்குப் பத்து நிமிஷ வேலை."

உண்மைதான். பத்து நிமிடம்கூட ஆகாது. அக்கா பென்டிரைவில் கொண்டுவந்த சட்டைப் படத்தை முதலில் சின்னதில் போட்டாள். முழுசாகத் தெரிய வைத்தால் கோடு நூலாக மெலிந்தது; கோட்டைப் பெரிதாக்கினால் சட்டைக் கை வெளியே போய்விட்டது. பெரியதில் போட்டாள். பதினோரு துண்டும் கை கால் நீட்டிப் படுத்துக்கொண்டன. வகுப்பில் வந்த அதே சிரிப்பு அவளுக்குக் கடையிலும் வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"ஏங்க, இத்தனை வருஷமா எல்லாத்தையும் பிடிச்சுப் பிடிச்சுத் தச்சாச்சு" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்தப் பையப் பிடிக்க மாட்டேன். எனக்குப் பெருசுதான் வேணும். மேசையில மிச்சம் இருக்கறது பதினாலரை. இது பதினாலு. உங்க துரை சௌக்கியமா இருக்கட்டும்."

அதற்குள் அவருக்கும் கணக்கு புரிந்துவிட்டது. வாயெல்லாம் பல்லாக விற்பனைப் பெண்ணைப் பார்த்து, "பதினாறுதான், பில் போடும்மா" என்றார், முதலிலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவர் மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காக விடாமல் அக்கா மேசைக்கு ஓடினாள். லேப்டாப் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றது. அந்தப் பக்கம் கால் இஞ்ச், இந்தப் பக்கம் கால் இஞ்ச். துரை கண்ணாடியோரம் வந்து எட்டிப் பார்த்தது. அக்கா கையைத் தட்டிக்கொண்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையைத் திறந்து, மவுஸை எடுத்தாள்.

எடுத்த மவுஸை வைக்க இடம் இல்லை.

இடது பக்கம் சுவர், வலது பக்கம் தொட்டி. முன்னால் மேசை விளிம்பு. லேப்டாப்பின் மேலேயே வைத்துப் பார்த்தாள். முழங்காலில் வைத்து உருட்டிப் பார்த்தாள். முழங்கையை மடக்கி, தொட்டிமேல் சாய்ந்து, ஒரு காலரை எப்படியோ பிடித்து இழுத்தாள். "போதும், போதும். பழகிக்குவேன்" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். குரல் உற்சாகமாகத்தான் இருந்தது. அவளுக்கு எல்லாம் பழகிவிடும்.

குளியலறையில் வாளி சத்தம் கேட்டது. மாஸ்டர் ஒரு கையில் வாளியும் ஒரு கையில் குவளையுமாக வந்து நின்றார். துரையைக் குவளையில் பிடித்து வாளிக்குள் விட்டார். பிறகு தொட்டித் தண்ணீரை முகந்து முகந்து அதே வாளியில் ஊற்ற ஆரம்பித்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"வண்டி நின்னுடுச்சு. கதவு திறக்கலையே."

"துரைக்கு டிவி சத்தம் ஆகாதுன்னீங்க?"

"பழகிக்கட்டும். எப்பவும் நீதான் பழகிக்கணுமா?" என்றார் அவர். சொன்னதும் கூச்சமாகப் போயிற்றோ என்னவோ, "நேரா பிடி, ரிவர்ஸ்ல வரேன், பின்னால பாத்து சொல்லு" என்று கத்தத் தொடங்கிவிட்டார். இருவருமாகத் தொட்டியைத் தூக்கினார்கள். அரைத் தொட்டித் தண்ணீர் தளும்பி அவர் சட்டையெல்லாம் நனைந்தது. "லெஃப்ட்! லெஃப்ட்! அது ரைட்டு!" என்று கத்துவதும் சிரிப்பதுமாக நாலடி தூரத்தைக் கடக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. டிவி ஸ்டாண்டில் தொட்டி ஏறியது. துரை உள்ளே இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அணைந்திருந்த டிவியைப் பார்த்தபடி நின்றது.

அக்கா ஈரமான மேசையைத் துடைத்தாள். லேப்டாப்பை நடுவில் நகர்த்தி வைத்தாள். வலது பக்கம் மவுஸ். இடது பக்கம் வெறும் இடம் நீளமாகக் கிடந்தது. அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை இஞ்ச் என்று அளக்கத் தோன்றவில்லை.

பிறகு கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றினாள். சுருட்டி, அந்த இடத்தில் வைத்தாள்.