ஸ்டோரில் வைத்த குரல்

போன வாரம் எங்கள் வீட்டு டிவி ரிமோட், துவைக்கிற துணியோடு துணியாகத் தண்ணீர் வாளிக்குள் போய்விட்டது. யார் செய்த புண்ணியம் என்று விசாரித்தால் விரல் என் பக்கமே திரும்பும் என்பதால் விசாரிக்கவில்லை. சத்தம் காட்டாமல் எடுத்துத் துடைத்து, காயட்டும் என்று அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். அடுப்பில் என் வீட்டுக்காரி பாயசத்துக்காக ஏலக்காயை வெறும் சட்டியில் வாட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஏலக்காயும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து சூடாகிற ஒரு வாடை எழுந்தது. "என்னத்தக் கொண்டாந்து வச்சீக இங்க?" என்று அவள் சத்தம் போடுகிறாள், நான் அசையாமல் நிற்கிறேன். அந்த வாடையை அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் முகர்ந்திருக்கிறேன். போடிப் பக்கம், குரங்கணிக்கு மேலே மலையில், ஒரு மழை நாளில்.

எண்பதுகளின் தொடக்கம் அது. தேனி மாவட்டம் என்று ஒன்று அப்போது கிடையாது. போடி மதுரை ஜில்லாவின் ஒரு மூலை. நான் போடியில் ஓர் ஆரம்பப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருந்த வாத்தியார். ஆண்டு விழாவில் மைக் மக்கர் செய்தபோது வயரைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினேன், பேசிவிட்டது. எனக்குத் தெரிந்த மின்சார சாஸ்திரம் மொத்தமும் அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து 'மிஷின் தெரிஞ்ச வாத்தியார்' ஆகிவிட்டேன். எங்கள் வட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் மேலதிகாரியான இன்ஸ்பெக்டர் ஒரு கணக்கெடுப்புக்குப் புறப்பட்டபோது துணைக்கு என்னை அழைத்தது இந்தப் புகழை நம்பித்தான்.

பள்ளிகளுக்கு ஏற்கெனவே கொடுத்திருந்த ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் எந்த நிலையில் இருக்கின்றன, வாத்தியார்கள் அவற்றை வைத்துப் பாடம் நடத்துகிறார்களா, இன்னும் என்னென்ன தேவை என்று கேட்டு எழுத வேண்டும். கடைசியாக ஒரு கேள்வி உண்டு: 'இத்தகைய கருவிகள் குறித்துத் தங்கள் மனப்பான்மை யாது?' இந்த மனப்பான்மை என்ற சொல் பண்ணிய கூத்து கொஞ்சமல்ல. இன்ஸ்பெக்டர் அதைக் கனத்த குரலில் கேட்டதும் ஒரு தலைமையாசிரியர் எழுந்து நின்று, "எனக்கு எந்தக் கட்சியும் கெடையாதுங்க சார். சோலி உண்டு, நான் உண்டு" என்றார். இன்னொருவர், "மேல எடத்துல என்ன மனப்பான்மையோ அதேதான் சார் எனக்கும்" என்று முடித்துக்கொண்டார்.

சிரிப்பாக இருக்கிறது இப்போது. அப்போது யாரும் சிரிக்கவில்லை. பெட்டி வந்தால் வாத்தியார் வேண்டாம், ஒரு பெட்டிக்கு ஒரு வாத்தியாரைக் குறைக்கப் போகிறார்கள் என்று ஒரு வதந்தி ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. அது போதாதென்று, பெட்டிக்கு ஏதாவது ஆனால் பொறுப்பு வாத்தியார் தலையில். திருகு உடைந்த ரேடியோ ஒன்றுக்காக, அதற்கு முந்தின மாதம்தான் ஒருவருக்கு மெமோவும் கொடுத்து மாற்றலும் போட்டிருந்தார் இன்ஸ்பெக்டர். அதனால் எங்கே போனாலும் ரேடியோ பீரோவுக்குள் பூட்டித்தான் இருந்தது. ஒரு பள்ளியில் அதை வெளியே எடுத்தபோது முகம் முழுக்கச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து பொருக்குத் தட்டிப்போயிருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே வருமாம். "பாடுமா?" என்றார் இன்ஸ்பெக்டர். "போட்டுப் பாத்ததில்லீங்க சார், எதுக்கு வம்பு" என்றார் தலைமையாசிரியர். 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக்கொண்டோம்.

இன்ஸ்பெக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்த மனிதர், போடிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எந்தப் பள்ளியிலும் ஒரு வாய் காப்பி வாங்கிக் குடிக்க மாட்டார். தோளில் சொந்த பிளாஸ்க் தொங்கும். பேச்சும் குறைவு. கை சுத்தமான அதிகாரியிடம் கெஞ்சி எதுவும் நடக்காது என்பதால் அவரைக் கண்டால் எல்லோருக்கும் பயம். எனக்கும்தான். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்.

கடைசியாக மிச்சமிருந்தது குரங்கணிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்துப் பிள்ளைகளுக்கான ஓராசிரியர் பள்ளி. ஸ்டெல்லா டீச்சர் பள்ளி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். போடியில் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். அவருக்கு முன்னால் அந்தப் பள்ளிக்குப் போட்ட வாத்தியார்கள் எல்லாம் சேர்ந்த வேகத்திலேயே மெடிக்கல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கியவர்கள். வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த இடத்தை அவர் போய்த்தான் திறந்தார், தோட்டத்திலேயே ஒரு வீட்டில் தங்கினார். அவரை இறக்கினால் இன்னொருவர் ஏறப்போவதில்லை, பள்ளி மறுபடி பூட்டிக்கொள்ளும். இது எனக்குத் தெரியும். இன்ஸ்பெக்டருக்குத் தெரியுமா என்று தெரியாது.

குரங்கணி வரைக்கும் லோடு ஜீப்பில் மூட்டைகளுக்கு நடுவே நசுங்கிப் போனோம். அங்கிருந்து நடை. மழை விட்டு விட்டுத் தூறியது. இன்ஸ்பெக்டர் மப்ளரைத் தலையோடு சுற்றிக்கொண்டு, அட்டை கடித்த காலைப் பார்த்துப் பார்த்து நடந்தார். எதிரே காய்க்கூடையோடு இறங்கி வந்த ஒரு தோட்டக்காரர் என்னைத் தனியே ஓரங்கட்டி, "அண்ணே, டீச்சர் பெட்டி வெந்துபோச்சுண்ணே. அழுதுக்கிட்டு இருக்காக. பாத்துச் சொல்லுங்க" என்று காதில் போட்டுவிட்டுப் போனார். வெந்துபோச்சா? எனக்குப் புரியவில்லை.

ஒரே அறை, தகரக் கூரை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் கல்லை முட்டுக்கொடுத்திருந்தார்கள். பெரிய ஆட்களின் ஸ்வெட்டருக்குள் கைகளைத் தொலைத்தபடி பிள்ளைகள் எழுந்து நின்றன. இன்ஸ்பெக்டர் உட்காரக்கூட இல்லை.

"டேப் ரெக்கார்டர் எங்கம்மா?"

"இருக்கு சார்."

"இருக்குன்னா கொண்டு வாங்க."

துண்டில் சுற்றியிருந்ததை டீச்சர் மேசைமேல் வைத்துப் பிரித்தார். பெட்டியின் ஒரு பக்கம் குழிந்து சரிந்திருந்தது. கேசட் போடுகிற மூடி உருகி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. ஏலக்காயும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாடை அதிலிருந்துதான் வந்தது. இன்ஸ்பெக்டர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க?"

"கெட்டுப்போச்சு சார். ஆனா ஓடுது."

"ஓடுதா? போடுங்க, பாப்போம்."

டீச்சர் அழுத்தினார். கரகரவென்று ஏதோ தேய்ந்தது. பிறகு ஒரு குரல், தடித்து, இழுத்து இழுத்து, இருமலுக்கு நடுவே பேசுகிற கிழவர் குரலில் சொன்னது: "எம்... பேரு... முத்து... லச்சுமி..."

"யாரு இது?"

"இந்தா, இவதான் சார்." முதல் வரிசையில் பல் விழுந்த ஒரு சின்னப் பெண்ணைக் காட்டினார்.

பிள்ளைகள் சிரித்துவிட்டன. "டீச்சரே, நான் தாத்தா மாதிரிப் பேசுறேன்" என்று அந்தப் பெண்ணும் சிரித்தாள். சூட்டில் நாடா இளகிச் சக்கரம் இறுகிப்போனதில் எல்லாப் பிள்ளைகளின் குரலும் அப்படி ஆகியிருந்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "இதுல ஆபீஸ் குடுத்த பாடம் இருந்துதே?"

"அத அழிச்சிட்டுத்தான் சார் பதிஞ்சேன். இதுக வாயே தொறக்காதுக. வீட்ல பாதி மலையாளம், பாதி தமிழு. தப்பாப் பேசிருவோமோன்னு பயம். அந்தப் பாடத்துல பேசுறவரு பட்டணத்துத் தமிழு, இதுகளுக்கு வெளங்கல. தங்கொரலத் தானே கேட்டப்பறம்தான் சார் ஒவ்வொண்ணாப் பேச ஆரம்பிச்சதுக."

"அரசாங்கப் பாடத்த அழிச்சது ஒண்ணு. மெஷினை எரிச்சது ரெண்டு." பேனா மூடியைக் கழற்றினார். அந்தச் சின்னச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. முடிந்தது, நாளைக்குப் பள்ளி பூட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

"எரிக்கல சார்." டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க சொன்ன எடத்துலதான் வச்சேன்."

"நான் சொன்னேனா?"

"போடி மீட்டிங்ல சொன்னீங்க. மழைக்காலம் வருது, மெஷினை எல்லாம் ஸ்டோர்ல வைங்கன்னு. ஸ்டோர்லதான் சார் வச்சேன்."

"ஸ்டோர்ல வச்சா எப்படிம்மா உருகும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்டோர் என்றால் போடிக்காரனுக்கு வேறு அர்த்தமே கிடையாது. பச்சை ஏலக்காயைப் பரப்பி, அடியில் குழாய் விட்டு விறகு எரித்து உலர்த்துகிற கட்டடம். என் மாமா ஸ்டோரில் இருக்கிறார் என்றால் வேர்த்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். இன்ஸ்பெக்டரோ தட்டுமுட்டுச் சாமான் போடுகிற அறையை நினைத்துச் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் பீரோவைவிட்டு எடுத்தால்தானே எங்கே வைப்பது என்ற கேள்வி. சொன்னதைச் சொன்னபடி செய்தவர் இவர் ஒருவர்தான்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "ஏன்யா, நீயும் மீட்டிங்ல இருந்தியே. நான் அப்படிச் சொன்னேனா?"

நிரந்தரமாகாத என் வேலை கண்முன் வந்து நின்றது. "சொன்னீங்க சார்" என்றேன். அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வந்த மாதிரிதான் வந்தது என் குரலும். "ஆனா இங்க ஸ்டோர்னா அது வேற சார். வாங்க, காட்டுறேன்."

ஸ்டோர் பள்ளிக்குக் கூப்பிடு தூரம். கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. இன்ஸ்பெக்டரின் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. கழற்றித் துடைத்துப் போட்டார், மறுபடி படிந்தது. தீப் பார்க்கிறவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "மழைல டீச்சர் புஸ்தகம், பிள்ளைக சட்ட எல்லாம் இங்கதாங்க காயும். ஈரம் ஏறாத எடம் மலைல இது ஒண்ணுதான். அந்தப் பொட்டியவும் ஓரமாத்தான் வச்சாக. அன்னைக்கிக் காய் லோடு கூட வந்துருச்சு. வெரசாக் காயணும்னு தீயக் கூட்டிட்டேன். பொட்டி இருந்தது நெனப்பில்லைங்க."

இன்ஸ்பெக்டர் சுவரைத் தொட்டார், வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார். வெளியே வந்து பள்ளியைப் பார்த்து நடந்தார். பாதி வழியில் நின்று, "எங்க ஊர்ல ஸ்டோர்னா இன்னொரு அர்த்தமும் உண்டு, பத்துக் குடித்தனம் சேர்ந்தாப்ல இருக்கற வீடுய்யா" என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன், தெரியவில்லை.

பள்ளிக்குத் திரும்பி, அன்றைக்கு முதல் தடவையாக உட்கார்ந்தார். பேனாவைத் திறந்துகொண்டு, மற்றவர்களிடம் கேட்ட அதே வரிசையில் கேட்டார்.

"என்ன தேவை?"

"கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் சார். அப்பறம் இதே மாதிரி இன்னொரு டேப் ரெக்கார்டர்."

"இத்தகைய கருவிகள் குறித்துத் தங்கள் மனப்பான்மை?"

டீச்சர் பெட்டியை மறுபடி துண்டில் சுற்றினார். "பயமாத்தான் சார் இருக்கு. ஆனா வேணும்."

இன்ஸ்பெக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் காப்பி ஊற்றி டீச்சர் பக்கம் நகர்த்திவைத்தார். மெமோ வரவில்லை. பள்ளியைப் பூட்டவில்லை. இறங்கும்போது எனக்கு அழுகை வந்தது, மழை என்று வைத்துக்கொண்டேன்.

ஆனால் புதுப் பெட்டியும் வரவில்லை. பழைய கருவியை நல்ல நிலையில் வைத்திருக்கிற பள்ளிகளுக்கே புதியது என்று மேலே முடிவெடுத்துவிட்டார்கள். சந்தனம் பூசிய ரேடியோவுக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி வந்து உட்கார்ந்தது, அதற்கும் அடுத்த ஆயுத பூஜையில் பொட்டு வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் டீச்சருக்காக இரண்டு தடவை மேலே எழுதிப் பார்த்தார் என்று கேள்வி. அதற்குள் அவருக்கும் மாற்றல் வந்துவிட்டது. எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது. வாங்கியதை உபயோகித்த ஒரே ஆள் கையில்தான் அது கெட்டது. கெட்டதால் அவருக்கு மட்டும் புதுசு கிடையாது.

உருகின பெட்டியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தார் டீச்சர், தாழ்ப்பாளும் வராததால். இப்போது அந்தக் கதவு இல்லை. பிள்ளைகளை ஜீப்பில் ஏற்றிக் கீழே உள்ள பள்ளிக்குக் கொண்டுபோக ஆரம்பித்ததும் பள்ளிக்கூடம் தேவையில்லாமல் போனது. ஸ்டோரிலும் விறகு எரிவதில்லை என்கிறார்கள். பீரோவில் இருந்தவை அத்தனையும் பழைய இரும்புக்குப் போய்விட்டன, பொட்டோடு. டேப் ரெக்கார்டர் என்றால் என்னவென்று கேட்கிற வாத்தியார்கள் வந்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் சின்ன வயதில் எப்படிப் பேசின என்று சொல்ல டீச்சர் ஒருவர் இருந்தார். அவரும் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ரிமோட் பிழைக்கவில்லை. அதைக் குப்பையில் போடப் போனபோதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பல் விழுந்த அந்த முத்துலட்சுமிக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கும். அன்றைக்குப் பெட்டிக்குள்ளிருந்து கேட்டதே ஒரு வயசான குரல், அது அவளுக்கு இப்போதுதான் வந்துகொண்டிருக்கும்.