ஜன்னல் பக்கத்துக் கன்னம்

1. என் வலது கன்னத்தில் பழுப்பாக ஒரு திட்டு விழுந்தது.
2. அம்மா அதை மங்கு என்றாள். லாப்டாப் வெளிச்சம்தான் காரணம் என்று தீர்ப்பும் சொன்னாள்.
3. திரையின் ஒளியைக் குறைத்து வேலை செய்தேன். கண் வலித்தது, திட்டு அசையவில்லை.
4. செம்பூரில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது: "டிரெயினில் எந்தப் பக்கம் உட்காருவீர்கள்?"

வலது பக்கம், ஜன்னலோரம். மூன்று வருஷமாக அதே இடம். காலையில் வாஷி போகும் வண்டியில் வெயில் அந்தப் பக்கம்தான் அடிக்கும். அதற்கு முன்னால் லாப்டாப் வெளிச்சம் ஒன்றுமே இல்லை என்றார் டாக்டர். தினமும் சன்ஸ்கிரீன், முடிந்தால் வேறு இடம். இன்ஜினியரான எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

ஆனால் அந்த இடம் நான் பிடித்ததல்ல. தாராவியிலிருந்து வரும் ஒரு அக்கா எனக்கு முன்பே சுனாபட்டியில் ஏறுவாள். வாஷியில் ஒரு ஆபீஸ் கேன்டீனில் வேலை. ஜன்னலில் தன் பையைப் போட்டு, குர்லாவில் முண்டியடித்து ஏறும் கூட்டத்தோடு மல்லுக்கட்டி, செம்பூரில் நான் ஏறும்வரை அதைக் காப்பாற்றி வைப்பாள். என் கன்னம் தேற வேண்டும். அவள் மனம் கோணக் கூடாது. வழி தெரியாமல் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஏட்டி, எவனுக்குப் பயந்து இப்படி மூடிக்கிட்டு வார?" என்றாள் அக்கா. பெட்டியே சிரித்தது.

மறுநாள் சொல்லிவிட்டேன். "அக்கா, எனக்கு ஜன்னல் வேண்டாம். வெயில் ஒத்துக்கலை."

அவள் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ குர்லாவுல நான் வாங்குன ஏச்செல்லாம் வீணா?" வாஷியில் என்னைப் பார்க்காமலே இறங்கிப் போனாள்.

அடுத்த நாள் ஏறினால், எங்கள் ஜன்னலில் வேறு யாரோ. எதிர்ப்பக்கத்து ஜன்னலிலிருந்து அக்கா கையை ஆட்டினாள். அது தினமும் பட்டாணி உரித்துக்கொண்டே போகும் மராட்டிப் பெண்களின் கோட்டை; வேறு யாரும் அங்கே உட்கார்ந்துவிட முடியாது.

"இவ மூஞ்சிக்கு நிழல் வேணும், உங்க பட்டாணிக்கு வெளிச்சம் வேணும். மாத்திக்கிடுவோம்னு சொன்னேன்" என்றாள். என்ன ஹிந்தியில் சொன்னாளோ, பேரம் படிந்திருந்தது.

என் வெயிலை அவர்கள் தலையில் கட்டுவது சரியாகப் படவில்லை. எழுந்து போய் விஷயத்தைச் சொல்லி, பையிலிருந்த சன்ஸ்கிரீனை நீட்டினேன். ட்யூப் கைமாறி ஒரு சுற்றுப் போயிற்று. அக்காவும் பூசிக்கொண்டாள். "கோலமாவு அப்புன மாதிரி இருக்குட்டி" என்று முறைத்தாள், ஆனால் துடைக்கவில்லை.

இப்போதைய நிலவரம்: நான் நிழல் பக்கம். நிழலிலும் வெளிச்சம் சிதறி வரும், கிரீமை விடாதீர்கள் என்றிருக்கிறார் டாக்டர், விடவில்லை. ட்யூப்தான் முன்னைவிடச் சீக்கிரம் தீர்கிறது. திட்டு மங்கியிருக்கிறது, முழுக்கப் போகவில்லை. லாப்டாப்பைக் குறைத்ததால்தான் மங்கியது என்கிறாள் அம்மா. ஜன்னல் இருக்கை இன்றும் எனக்குத்தான். பிடித்து வைப்பதும் அக்காதான்.