சவுக்குக்குப் பக்கத்தில் களா

சவுக்குத் தோப்பில் சத்தம் கிடையாது. காற்று அடித்தால் ஒரு இரைச்சல் இருக்கும், அவ்வளவுதான். குருவியோ அணிலோ அதற்குள் வாய் திறந்து நான் கேட்டதில்லை. கீழே செத்தை மெத்தை போலக் கிடக்கும், அதைத் தாண்டிப் புல்லும் முளைக்காது.

அப்படி ஒரு தோப்பை அப்பா எனக்கும் என் அண்ணனுக்கும் விட்டுப்போயிருந்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில், வெறும் மணல் பூமி. அண்ணன் அச்சரப்பாக்கத்தில் உரக்கடை வைத்திருந்தான், விதையும் விற்பான். எனக்குக் கல்பாக்கத்தில் குமாஸ்தா வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸில் நானும் என் கணவரும் இருந்தோம். பக்கத்தில் இருந்ததால் தோப்பைப் பார்த்துக்கொள்வது நான். எப்போது வெட்டுவது, மறுபடி என்ன நடுவது என்பதெல்லாம் அவன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வெட்டு நடக்கும் வரை இந்த ஏற்பாட்டில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை.

தோப்பின் எல்லைக் கல்லை ஒட்டி ஒரே ஒரு களாப் புதர் இருந்தது. யாரும் வைத்ததல்ல, தானாக வந்தது. முள் என்றால் அப்படி ஒரு முள். ஆனால் கோடையில் மல்லிகை போல வெள்ளையாகப் பூத்து, பிறகு கருநாவல் நிறத்தில் பழுத்துத் தொங்கும். அந்தப் பக்கத்துக் கொண்டைக்குருவிகள் எல்லாம் அந்த ஒரு புதரில்தான் அடைந்து கிடக்கும். வெட்டு நடந்த அன்று லாரி திரும்ப இடம் போதவில்லை என்று அதை அடியோடு சாய்த்துவிட்டார்கள். நான் மதியம் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தபோது வெட்டிப்போட்ட கிளைகளின் மேலேயே நான்கைந்து குருவிகள் உட்கார்ந்திருந்தன.

எனக்குக் கோபம் வந்தால் வாய் முதலில் போய்விடும், மூளை பின்னால் நடந்து வரும். அன்றும் அப்படித்தான். "என் பாதியில சவுக்கு கெடையாது. களா வெக்கப்போறேன்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

"இன்னாது, களாவா?" அண்ணன் சிரித்தான். "அத்த எவனாச்சும் வெப்பானா? அது பொதரு. சொம்மாவே மொளைக்கும்."

"சும்மா முளைச்சதத்தானே வெட்டிட்ட? அதனால நான் வெக்கிறேன்."

"வெச்சி?"

"குருவி தின்னட்டும். நரி தின்னட்டும். உனக்கு இன்னா?"

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தான். அண்ணன் கெட்டவன் இல்லை. கடைக்காரன், அவ்வளவுதான். எதற்கும் ஒரு கெடு வைக்காமல் அவனுக்குத் தூக்கம் வராது. "சரி. என் பாதில சவுக்கு போடறேன். அது வெட்டுக்கு வர்றதுக்குள்ள உன் பக்கம் காய் புடிச்சி, அத்தத் துன்ன எதுனா வந்துச்சின்னா, நெலம் உன் இஷ்டம். நான் வாயத் தொறக்க மாட்டேன். வரலன்னு வெச்சிக்கோ, மொத்தமும் சவுக்குதான்."

மொத்தமும் சவுக்கு என்று அவன் சொன்னாலும் அதற்கு அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். கடற்கரைச் சாலை நெடுக மனைக் கல் நட ஆரம்பித்திருந்த காலம் அது. மொட்டையாக வெட்டிய சவுக்கு நிலத்தில்தான் மனை போடுவது சுலபம். ஒப்புக்கொண்டேன்.

திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டில் கூடை வைத்து களாப்பழம் விற்கும் பெண்களிடம் வாங்கினேன். சூரைப்பழமும் இலந்தைப்பழமும் கிடைத்த வரை சேர்த்துக்கொண்டேன். எங்களுடையது விவசாயக் குடும்பம், விதை விஷயத்தில் எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்ற நினைப்பு எல்லோருக்கும் உண்டு. பழத்தைப் பிசைந்து, தண்ணீரில் அலசி, மிதந்த சதையையும் சொத்தை விதையையும் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் கொட்டினேன். மூழ்கிய நல்ல விதையை மட்டும் எடுத்து மொட்டை மாடியில் வெயிலில் காயப்போட்டேன். அண்ணனே ஒருநாள் வந்து கையில் அள்ளிக் குலுக்கிப் பார்த்தான். "இன்னும் காயணும். சலசலன்னு சத்தம் வரணும்" என்றான். பந்தயம் ஒரு பக்கம் இருந்தாலும் விதை என்று வந்துவிட்டால் அவனால் சும்மா இருக்க முடியாது. நெல்லுக்கும் வேர்க்கடலைக்கும் செய்வது போலவே செய்தோம். சாம்பல் புரட்டிப் பானையில் வைத்து, ஐப்பசி மழை பிடித்ததும் விதைத்தேன்.

இலந்தை மட்டும் அங்கங்கே தலை காட்டியது. களா ஒன்றுகூட முளைக்கவில்லை.

மழை அதிகம் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். மறு வருஷம் இன்னும் நன்றாகக் காயவைத்தேன். அந்த வருஷமும் முளைக்கவில்லை. அண்ணன் பாதியில் சவுக்கு என் இடுப்பைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவன் தன் வரிசைகளில் நடந்தபடி என் வெறும் மணலைப் பார்த்து, "நல்ல இடமாத்தான் கீது, கிரிக்கெட் ஆடலாம்" என்றான். வீட்டுக்கு வந்து அழுதேன். அவன் மேல் இருந்த ஆத்திரத்தைக் காட்ட, மூட்டை மூட்டையாகத் துணியை எடுத்துக்கொண்டு துவைக்கும் கல்லுக்குப் போனேன்.

இத்தனை நாள் ஏதோ களை என்று நான் கவனிக்காமல் விட்ட இடத்தில், கல்லுக்குப் பின்னால், களாச் செடிகள் நின்றன. நான் கழித்துக் கொட்டிய சதைக்குள்ளிருந்து, நான் சொத்தை என்று ஒதுக்கிய விதையிலிருந்து, சோப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, நெருக்கமாக, மினுமினுவென்று வளர்ந்திருந்தன. ஒரு இலையைக் கிள்ளினேன். பால் வந்தது. களாவேதான். வெயிலையே பார்க்காத விதை முளைத்திருக்கிறது, பக்குவமாகக் காயவைத்த விதை செத்திருக்கிறது. குருவி பழத்தைத் தின்று, ஈரம் காயும் முன்னே எச்சமிட்டு விதைக்கும் செடியை நாங்கள் நெல்லாக நினைத்து வெயிலில் சுட்டுக் கொன்றிருந்தோம். துணி மூட்டையோடு அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

அதன் பிறகு நான் எதையும் காயவைக்கவில்லை. பழம் வாங்கிய அன்றே பிசைந்து, மண் நிரப்பிய பிளாஸ்டிக் பாக்கெட்டுகளில் போட்டேன். மழைக்காலத்தில் சைக்கிளின் இரண்டு பக்கமும் பையில் கன்றுகளைக் கட்டிக்கொண்டு போய் நட்டேன். ஆடு மேயாமல் சுற்றிலும் முள்ளை வெட்டிப் போட்டேன். கோடையில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தேன். என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து முனகிக்கொண்டே கூடச் சுமந்தார். கையெல்லாம் கீறல். அலுவலகத்தில் பூனை வளர்க்கிறீர்களா என்று கேட்டார்கள்.

சவுக்கு விலை இறங்கி அண்ணன் வெட்டைத் தள்ளிப்போட்டதில் எனக்கு ஒரு வருஷம் கூடுதலாகக் கிடைத்தது. அந்தக் கோடையில் களா பூத்தது, காயும் பிடித்தது. ஆனி மாதம் காய் சிவந்து, கறுத்து வரும்போது அண்ணன் வெட்டுக்கு ஆள் இறக்கிவிட்டான்.

நான் லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன். என் புதர்கள் நிறையப் பழம். அதற்கு முந்தின வாரமெல்லாம் கொண்டைக்குருவியும் குயிலும் மைனாவும் அதில் அடித்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்திருந்தேன். மணலில் நரி போட்ட எச்சத்தில் களா விதைகூடக் கிடந்தது. ஆனால் அன்று காலை முதல் கோடாரிச் சத்தம், மரம் சாயும் சத்தம், ஆட்கள் கத்தும் சத்தம். ஒரு குருவி இல்லை.

அண்ணன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி என் பக்கத்து இலந்தைக் கிளையில் மாட்டிவிட்டு, பனியனோடு நின்று எங்கள் எல்லையைப் பார்த்தான். "காய் கீது, ஒத்துக்கறேன். துன்றதுக்கு எங்க ஆளு?"

"கோடாரி சத்தத்துக்குப் பறந்துடுச்சிண்ணா. நேத்துக்கூட இருந்துச்சி."

"நேத்து, முந்தாநேத்துன்னு சொல்லிகினு இருந்தா எப்டி? நான் பாக்கணும் இல்ல?"

நரி எச்சத்தைக் காட்டினேன். நாயாக இருக்கும் என்றான். நாய் களாப்பழம் தின்னுமா என்று கத்தினேன். தெரு நாய் எதையும் தின்னும் என்றான். இத்தனை வருஷம் சுமந்த தண்ணீர் அந்த ஒரு காலையில் மணலில் வடிந்துவிடும் போலிருந்தது.

மதியம் ஆட்கள் கோடாரியைப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். சத்தம் அடங்கியது. முதலில் ஒரு கொண்டைக்குருவி வந்தது. பிறகு அதன் ஜோடி. பிறகு எங்கிருந்துதான் வந்தனவோ, புதர் முழுக்கச் சிறகும் கூச்சலும். ஒரு பெண் குயில் தலைகீழாகத் தொங்கிப் பழம் பறித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் அண்ணனைப் பார்க்கவில்லை. என் முகத்தில் இருந்த சிரிப்பை அடக்க முடியாமல் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ந்தா, இன்னாம்மே இது?"

திரும்பினால் அண்ணன் சட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். தோள்பட்டையில் ஊதா நிறத்தில் பெரிய கறை. அதன் நடுவில் இரண்டு களா விதைகள், இன்னும் ஈரத்தோடு.

"சாட்சி கேட்டியே" என்றேன்.

ஆட்கள் சிரித்த சிரிப்பு மாமல்லபுரம் வரை கேட்டிருக்கும். அண்ணன் சிரிக்கவில்லை. சட்டையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு போய் வண்டியில் உட்கார்ந்தான். ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். என் பாதி நிலத்தைப் பற்றி அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொன்னேன், கல்பாக்கத்தில் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. அந்தச் சட்டைக் கறை எத்தனை துவைத்தும் போகவில்லை என்று அண்ணி சொன்னாள். அதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவன் தன் பாதியில் மறுபடி சவுக்கு நட்டான். அவன் நிலம், அவன் இஷ்டம். அதற்குள் எங்கள் எல்லோர் கையிலும் செல்போன் வந்திருந்தது. அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் அலுவலக நேரத்தில் கூப்பிட்டான்.

"உன் செடி என் வரிசைல மொளச்சிகீது."

"நான் போடலண்ணா."

"நீ போடல, தெரியும். உன் ஆளுங்க போட்டுக்கீறாங்க. எல்லையோரம் பூரா கீது, உள்ளயும் கீது."

நாங்கள் பக்குவம் பார்த்து இரண்டு வருஷம் முளைக்க வைக்க முடியாத விதையைக் குருவிகள் எல்லை தாண்டிப் போட்டு முளைக்க வைத்திருந்தன. ஆனால் அது உரக்கடைக்காரனின் வரிசை. வரிசையில் வந்தது எதுவானாலும் அவனுக்கு அது களை.

"களை எடுக்க ஆளு வந்துட்டாங்களா?"

"காலைலயே வந்துட்டாங்க."

"பிடுங்கிட்டியா?"

அண்ணன் தொண்டையைச் செருமினான்.

"அது பாட்டுக்கு நிக்குது. சவுக்கத்தான் புடுங்கி, கொஞ்சம் தள்ளி நட்டேன்."