ஜோமாரை அழைத்துப்போக வந்தவர்

பிணத்தைப் புதைத்துவிட்டு நேராக வீட்டுக்குப் போகக்கூடாது. வழியில் எங்காவது உட்கார்ந்து எழாவிட்டால் ஆவி கூடவே வந்துவிடும் என்பது இலோய்லோ ஊர் வழக்கம். மகனைப் புதைத்த கிறிஸ்பின் போய் உட்கார்ந்தது, அவனைத் தினமும் காதைத் திருகி வீட்டுக்கு இழுத்துப்போன கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடையில்.

"புத்தி கெட்டுப்போச்சா அண்ணே? அவன் குடியிருந்த எடத்துக்கேவா வருவ?" என்று தங்கை கத்தினாள்.

அவர் காதில் வாங்கவில்லை. மகன் ஆடிய ஆட்டத்தை முதல்முறையாகத் தொடங்கினார். கடைக்காரப் பெண் வீரனுக்குப் பெயர் கேட்க, "ஜோமார்" என்று மகன் பெயரையே சொன்னார்.

வாளேந்திய ஜோமார் நாலடி நடந்து, முதல் பள்ளத்திலேயே விழுந்து செத்தான்.

"அழாதீங்க மாமா, இந்தப் பொத்தான அமுக்குங்க, எழுந்துருவான்."

அமுக்கினார். ஜோமார் தூசி தட்டி எழுந்து நின்றான்.

கிறிஸ்பினும் எழுந்தார். திரையைப் பார்த்து, எப்போதும்போல அதட்டினார்: "ஆடுனது போதும். வாடா, வீட்டுக்குப் போலாம்."