இரண்டு பாட்டில் மருந்து

மலைப்பக்கம் குடிபோக வேண்டும் என்ற பேச்சை எங்கள் வீட்டில் தொடங்கி வைத்தவர் பாண்டிச்சேரி டாக்டர் ஒருவர். அம்மாவின் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் காத்துலயே இருந்தா நான் எதைக் குடுத்தும் பிரயோசனம் இல்ல. மலை, மரம்னு இருக்கிற ஊரா பாத்துப் போங்க" என்றார். போகிற போக்கில் சொன்னாரோ என்னவோ, அத்தா அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

நாங்கள் அப்போது வில்லியனூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில் இருந்தோம். கரும்பும் நெல்லும் விளைகிற நல்ல ஊர்தான். எங்கள் போதாத காலம், பழைய இரும்பை உருக்குகிற கம்பெனி ஒன்று எங்கள் தெருவுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருந்தது. காலையில் துவைத்துப் போட்ட வெள்ளைத் துப்பட்டியை மதியம் எடுத்தால் அதில் கரி படிந்திருக்கும். அம்மா அதை உதறுவாள், உதறிவிட்டு இருமுவாள். முதலில் மழைக்காலத்தில் மட்டும் இருமினாள். பிறகு சித்திரை வெயிலிலும் இருமினாள். எனக்கு ஒன்பது வயதானபோது அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

அத்தா நைட்டியும் லுங்கியும் மூட்டையாகக் கட்டி மொபெட்டில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்பவர். ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் அவருடைய வரும்படிக்குப் பேசக்கூட முடியாத ஊர்கள். அவருக்குச் சரக்கு கொடுக்கிற மொத்தக்கடையில் யாரோ சொல்லித்தான் திருப்பத்தூர் தரகர் ஒருவரின் நம்பர் கிடைத்தது. ஏலகிரி மலைக்குப் பக்கத்தில் சின்ன ஊர். வாடகை பாண்டியில் பாதிகூட இல்லை. நைட்டி எந்த ஊரிலும் விற்கும். தரகர் பேசும்போது அத்தா போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவின் கட்டில் மேல் வைத்துவிடுவார். "வாசல்ல வந்து நின்னீங்கன்னா மலைதான் பாய். நாலு எட்டு வச்சா பார்க்கு. புள்ளைக்கு ஊஞ்ச கூட இருக்குது" என்று தரகர் அடித்துவிடுவார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் நேரில் வந்து பேசி முடித்தால் வீடு எங்களுக்கு, இல்லாவிட்டால் காத்திருக்கிற இன்னொரு குடும்பத்துக்கு என்று ஆயிற்று. கூடவே தரகர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வூட்டு ஓனர் கொஞ்சம் ஒரு மாதிரி. பாண்டிலேர்ந்து வரீங்க, வெறுங்கையோடயா வருவீங்க?" என்று கேட்டார். அன்று அத்தா ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதில்லை. தமிழ்நாட்டில் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால், அங்கே இருப்பவர்கள் பாண்டிக்காரனிடம் முதலில் கேட்பது பாட்டில்தான். அத்தாவோ ஐந்து வேளை தொழுகிறவர். ஒயின் ஷாப் இருக்கிற பக்கம் நடக்காமல் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகிறவர். அந்த மனுஷர் சனிக்கிழமை சாயங்காலம் தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மொபெட்டை நான் பார்த்துக்கொள்ளும்படி தூரத்தில் நிறுத்திவிட்டு உள்ளே போனார். பேப்பரில் சுற்றிய இரண்டு பாட்டில்களோடு வந்தபோது அவருக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது.

"இன்னாத்தா அது?"

"மருந்து பாப்பா. வூட்டுக்கார மாமாவுக்கு. கண்ணாடி பாட்டிலு, ஒடைச்சிடாத" என்று என் ஸ்கூல் பையிலிருந்து புத்தகங்களை எடுத்துவிட்டு பாட்டில்களை வைத்தார். குழந்தையின் பையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார். கடைக்குள் மருந்தா விற்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அத்தா சொன்னால் அது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டாள். ஒரு பின்னலுக்கும் அடுத்த பின்னலுக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவங்க வூட்ல எதுனா கேட்டா நான் இருமுறத மட்டும் சொல்லிடாதடி. வூடு தர மாட்டாங்க" என்றாள். நான் சத்தியம் செய்தேன்.

வில்லியனூரிலிருந்து விழுப்புரம் போகிற ரோடு ஒரு வேடிக்கை. பாண்டி முடிந்து தமிழ்நாடு வரும், அது முடிந்து மறுபடியும் பாண்டி வரும், திரும்பவும் தமிழ்நாடு வரும். இந்தப் பக்கம் கடையில் அடுக்கி வைத்து விற்கிற பொருள் அந்தப் பக்கம் போனால் கேஸ். குடிக்கிறவர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. எந்த பஸ்ஸில் ஏறுவார்கள், என்றைக்குச் சோதனை கடுமை, எங்கே இறங்கி வயல்வழியாக நடக்க வேண்டும் என்று எல்லாம் தெரியும். குடிக்காத என் அத்தாவுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில், முன்பக்கம் இரண்டாவது சீட்டில், கல்யாணத்துக்குப் போவது போல் உட்கார்ந்திருந்தார்.

செக்போஸ்டில் பஸ்ஸை ஓரங்கட்டினார்கள். ஒரு போலீஸ்காரர் ஏறி ஒவ்வொரு பையையும் லத்தியால் தட்டிக்கொண்டே வந்தார். அத்தாவின் தாடியையும் தொப்பியையும் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் தாண்டிப் போய்விட்டார். அத்தாவின் உதடுகள் எதையோ ஓதிக்கொண்டிருந்தன. போலீஸ்காரர் பின்சீட்டுக்குப் போய் அங்கிருந்து சத்தமாக, "யாராச்சும் பாட்டில் வச்சிருந்தா நீங்களே சொல்லிடுங்க. நாங்களா எடுத்தா மரியாதை கெட்டுடும்" என்றார்.

நான் கையைத் தூக்கினேன். வகுப்பில் தூக்குவது போல, எழுந்து நின்று தூக்கினேன்.

"சார், எங்கிட்ட ரெண்டு பாட்டில் இருக்குது. மருந்து."

பஸ்ஸே சிரித்தது. "யாருக்கும்மா மருந்து?" என்று அவரும் சிரித்துக்கொண்டேதான் திரும்பி வந்தார். அம்மாவுக்குச் செய்த சத்தியம் சட்டென்று ஞாபகம் வந்தது. ஆகா, நல்லவேளை, அம்மாவின் இருமலைப் பற்றி மூச்சுவிடக் கூடாது! "எங்க அம்மாவுக்கு இல்ல சார். வூட்டுக்கார மாமாவுக்கு" என்றேன். மாட்டிக்கொள்ளாமல் பதில் சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. அத்தாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

கீழே இறக்கினார்கள். பேப்பரைப் பிரித்து பாட்டில்களை மேஜை மேல் வைத்தார்கள். "பாய், நீங்களுமா? புள்ள பையில வச்சிக் கடத்துறீங்களே, வெக்கமா இல்ல?" என்று மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார். அத்தாவின் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு பெண் போலீஸ் என்னை வெளியே புங்கமரத்தடியில் உட்கார வைத்து ரஸ்க் வாங்கிக் கொடுத்தார். நான் ரோட்டில் போகிற பஸ்களை எண்ணிக்கொண்டிருந்தேன். உள்ளே அத்தா அழுகிற சத்தம் கேட்டது. பெரியவர்கள் அப்படி அழுவார்கள் என்று எனக்குத் தெரியாது, வேறு யாரோ என்று நினைத்தேன்.

பன்னிரண்டு மணி அங்கேயே தாண்டிப் போயிற்று.

மூன்று மணிக்குமேல் எங்கள் எதிர்வீட்டு அண்ணன் பைக்கில் வந்தார். எங்கெங்கோ கையெழுத்துப் போட்டார். யார் சொல்லி வந்தீங்க என்று அத்தா கேட்டதற்கு, "மொத்தக்கடைக்கு போன் வந்துச்சாம் பாய். அவங்கதான் எனக்குச் சொன்னாங்க. வூட்ல யாருக்கும் தெரியாது, நீங்க கவலப்படாதீங்க" என்றார். அத்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தெரியவே வேண்டாம் என்றார். பிறகு என் எதிரில் குந்தி உட்கார்ந்தார். திட்டுவார் என்று பயந்தேன். "பாப்பா, நாம அந்த ஊருக்குப் போனோம், வூட்டப் பாத்தோம். அதுக்குள்ள வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. அம்மாகிட்ட இப்பிடித்தான் சொல்லணும். இன்னா?" என்றார். தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தா அதைச் சொன்னார். அம்மா அவரை உற்றுப் பார்த்தாள். "போனா போவுது. சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அவர் கை கால் கழுவப் பின்னால் போனதும் என்னைக் கட்டிலில் உட்கார வைத்துக்கொண்டு, "மலை எப்பிடிடி இருந்துச்சு?" என்றாள்.

நான் ஆரம்பித்தேன். பச்சை மலை, மேலே மேகம், கீழே பார்க், பார்க்கில் மயில், இரண்டு ஊஞ்சல். எங்கிருந்து வந்ததோ அத்தனையும் வாயில் வந்தது.

அதற்குப் பிறகு வேறு வீடு பார்க்க முடியவில்லை. தினமும் காலையில் அந்த செக்போஸ்ட் பக்கத்து ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஜாமீன் நிபந்தனை. கடைச்சரக்கு வாங்கப் போகிறேன் என்று அத்தா கிளம்புவார். கையெழுத்து முடிந்தால் விழுப்புரம் கோர்ட்டில் வாய்தா. திருப்பத்தூர் தரகரோ போனை எடுப்பதே இல்லை. கம்பெனிப் புகை வழக்கம்போல வந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா என்னைக் கூப்பிட்டு மலையைச் சொல்லச் சொல்வாள். ஒரு நாள், "பார்க்குல எத்தினி ஊஞ்ச?" என்றாள். நாலு என்றேன். "மொதல்ல ரெண்டுன்ன?" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, நான் தண்ணீர் கொண்டு வந்து கொடுக்கும்வரை நிற்கவில்லை. புதுசா ரெண்டு போட்டாங்க என்று சமாளித்தேன். அப்படியா என்று அவள் நம்பினாள். அம்மாவை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று எனக்கு மனசு குளிர்ந்தது. மறுநாளுக்கு ஓர் அருவியையும் தயார் செய்து வைத்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு மதியம், பாண்டி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டு போகும் வழியிலேயே அம்மா மௌத்தானாள். அத்தா அதன்பின் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது எதிர்வீட்டு அக்கா வந்திருந்தார். அன்றைக்கு செக்போஸ்டுக்குப் பைக்கில் வந்த அண்ணனின் மனைவி. பேச்சு அம்மாவைப் பற்றிப் போயிற்று. "ஒங்க அத்தா போன்ல 'வூடு'ன்னு போட்டிருந்த நம்பருக்குத்தாம்மா போலீஸ் அடிச்சாங்க. எடுத்தது ஒங்கம்மாதான். புள்ளயே காட்டிக் குடுத்துடுச்சுன்னு சிரிச்சிக்கிட்டே சொன்னாங்களாம். செவுத்தப் புடிச்சிக்கிட்டே எங்க வூட்டுக்கு நடந்து வந்து இவர அனுப்பிவச்சா. தனக்குத் தெரியும்னு ஒங்க ரெண்டு பேருக்கும் தெரிய வேணாம்னு சத்தியம் வாங்கிக்கினா" என்றார்.

வீடு போனது அம்மாவுக்குத் தெரியும், அதோடு தன் மூச்சும் போகப் போவது தெரியும், கையைத் தூக்கியது யார் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டேதான் தினமும் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாள். நான் என்னமோ அவளுக்கு மலையைக் காட்டிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்.