பாடினால் வரும் குரல்

வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். நாற்பத்தோராவது வயதில் என் பேச்சு கெட்டது. வாயைத் திறந்தால் யாரோ கழுத்தை நெரிப்பதுபோல் ஒவ்வொரு சொல்லும் அறுந்து விழும். பாட்டு மட்டும் பழையபடி வந்தது. அதுதான் வினையாயிற்று.

ஆண்டு விழாவில் கடவுள் வாழ்த்துப் பாடினேன். மறுநாளே தலைமையாசிரியர் என் வகுப்பைப் பிடுங்கி இன்னொருவரிடம் கொடுத்தார். "பாடுறப்ப வர்ற தொண்டை பாடம் நடத்துறப்ப மட்டும் எங்க போவுதுங்க?" என்றார். ஆசிரியர் அறையில் என்னைப்போலவே திக்கித் திக்கிப் பேசிக்காட்டி மற்றவர்களைச் சிரிக்கவும் வைத்தார். அந்தச் சிரிப்பை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

திருச்சியில் ஒரு டாக்டர் இந்தப் பேச்சுக் கோளாறை ஆராய்ச்சி செய்வதாகத் தெரிந்து பஸ் ஏறினேன். குழாய் மாதிரி இருந்த ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, பேசச் சொன்னார், பிறகு பாடச் சொன்னார். "தொண்டையில ஒண்ணும் இல்லம்மா. பேசுறதுக்கு மூளை போடுற உத்தரவுதான் தப்பா வருது. பாட்டுக்கு அது வேற மாதிரி வேலை செய்யுது. நீங்க நடிக்கல," என்றார். குணமாகும் என்று அவர் சொல்லியிருந்தால்கூட அத்தனை சந்தோஷம் வந்திருக்காது.

டாக்டர் எழுதிக் கொடுத்த அறிக்கையைத் தலைமையாசிரியர் பிரித்தும் பார்க்கவில்லை. ஆசிரியர் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும், அதை வாயாலேயே விளக்கும்படி சொன்னார். எழுந்தேன். முதல் சொல்லே அடைத்துக்கொண்டது. இரண்டு பேர் சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. எங்கள் ஊரில் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து பாடும் ராகத்தில் அவரைப் பார்த்துப் பாட ஆரம்பித்தேன்.

"படிச்ச மவராசா, பதவியில ஒசந்த தொரையே,
மூளைக்குள்ள நோயிருக்கு, முழுசா எழுதியிருக்கு,
கண்ணத் தொறந்து படிக்காம கண்ண மூடிட்டீரே!"

ஒரு சொல்கூட அறுபடவில்லை. மார்பிலும் அடித்துக்கொண்டேன். யார் செத்தது என்று கேட்டபடி அலுவலக உதவியாளர் ஓடிவந்தார். தலைமையாசிரியருக்கு வேர்த்துவிட்டது.

"நிறுத்துங்கம்மா. நான் உசுரோடதான இருக்கேன்," என்றார்.

நான் அறிக்கையை முழுக்கப் பாடி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

மறுவாரமே வகுப்பு திரும்பி வந்தது. இப்போது, தப்பான உத்தரவுக்கு இறுகும் தசை தளர, சில மாதங்களுக்கு ஒருமுறை தொண்டையில் ஊசி போட்டுக்கொண்டு பாடம் நடத்துகிறேன். தலைமையாசிரியர் வாலிகண்டபுரம் கோயிலில் தன் பேருக்கு அர்ச்சனை செய்துகொண்டதாகக் கேள்விப்பட்டேன். செய்துகொள்ளட்டும். வராந்தாவில் நான் சும்மா தொண்டையைக் கனைத்தாலே அவர் கதவைச் சாத்திக்கொள்கிறார். அதனால் தினமும் ஒரு தடவை கனைக்கிறேன்.