ஏரி நிறைவதற்குள்

அந்தக் கோடையில் என் வீட்டுக்காரர் சினை மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். புலிகாட் ஏரி வற்றி வெறும் உப்புத்தரையானதும் மாடுகளை அப்படி விடுவது எங்கள் ஊர் வழக்கம்தான். பகலெல்லாம் மேய்ந்துவிட்டுப் பொழுது சாயும்போது தாமாக வந்துவிடும். அதற்காக எட்டு மாதச் சினையையுமா அவிழ்த்துவிடுவார்கள்? கேட்டதற்கு, “அது எங்க போவும்? துன்னுட்டு வந்துரும்” என்றார். வரவில்லை.

குளம்புத் தடம் ஏரியைத் தாண்டி நேராகக் காட்டுக்குப் போயிருந்தது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நாக்கு மாதிரி நீண்டு கிடக்கும் நிலம் அது. பாலையும் நாவலும் பனையும் அடர்ந்த காடு. ஒரு காலத்தில் அங்கே ஊர்கள் இருந்தன. என் மாமனார் பிறந்ததே அங்கேதான். இனி அது காப்புக்காடு, யாரும் குடியிருக்கக் கூடாது என்று எல்லாரையும் இக்கரைக்கு அனுப்பியபோது, தண்ணீரில் இறங்க மறுத்த மாடுகளை அப்படியே விட்டு வந்திருக்கிறார்கள். ‘பின்னாலயே வந்துரும்’ என்றாராம் மாமனார். அவற்றின் வம்சம் இன்றைக்கு ஆளைக் கண்டால் மிரண்டோடுகிற காட்டு மாடுகள்.

எங்களுக்கு இருந்தது அந்த ஒரே மாடு. சூளூர்ப்பேட்டை ஓட்டலுக்குப் பால் ஊற்றித்தான் அடுப்பு எரிந்தது. தினமும் மதியம் தவிட்டுத் தண்ணீர் வாளியோடு ஏரியைக் கடந்து காட்டோரம் நின்றேன். கறக்கும்போது தட்டுவதுபோல வாளியைத் தட்டி, “ம்மா, வா” என்று கூப்பிட்டேன். காவல்காரர், “லோபலிக்கி எவரூ போகூடதம்மா” என்றார். உள்ளே யாரும் போகக்கூடாதாம். நான் எங்கே போனேன்? வெளியே நின்று கத்தத்தானே செய்தேன்.

ஆவணி போய்ப் புரட்டாசியும் முடிந்தது. கன்று போட்டிருக்குமா, போடும்போது செத்திருக்குமா, எதுவும் தெரியவில்லை. மழை பிடித்து ஏரி நிறைந்தால் அடுத்த கோடை வரை மாடு கடக்க முடியாது. வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன்.

ஒருநாள் கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கு வீட்டுக்காரரும் கூட வந்தார். வாளியைத் தட்டினேன். மரங்களுக்கு இடையிலிருந்து மாடு வெளியே வந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது. நேராக வந்து வாளிக்குள் தலையை விட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நிழலிலேயே ஒரு செவலைக் கன்று நின்றுவிட்டது. அவர் மாட்டின் கழுத்தில் கயிற்றைப் போட்டதும் கன்று மிரண்டு உள்ளே ஓடியது. மாடு தலையைத் தூக்கிக் கத்தியது.

“மழ வந்துக்கினு இருக்குது. மாட்ட ஓட்டு.”

“கன்னு?”

“பின்னாலயே வந்துரும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உங்க நைனாவும் இதத்தான்யா சொன்னாரு” என்றேன்.

அவர் கயிற்றை விடவில்லை. நான்தான் அவிழ்த்தேன். மாடு அவசரப்படாமல் மிச்சத் தண்ணீரையும் குடித்துவிட்டுக் காட்டைப் பார்த்து நடந்தது.

மழை பிடித்துக்கொண்டது. திரும்பும்போது ஏரியில் கணுக்கால் வரை தண்ணீர். வீட்டுக்கு வந்து பாக்கெட் பால் வாங்கி டீ போட்டேன். அவர் குடித்தார். எனக்கு இறங்கவில்லை.